முனீஸ்வரனிடம் நான் சொன்ன இரண்டு பெயர்கள்

தம்பி,

பை கடன் வாங்குவதற்காக நீ சாந்தா வீட்டுக்குப் போயிருக்கிறாய். சுங்கைப் பட்டாணியில் மூன்று கடை ஏறி இறங்கி நான் வாங்கிவந்த நீலப் பை உன் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நல்ல பைதான், ஆனால் இடுப்புப் பட்டை மெல்லிசு, பாரமெல்லாம் தோளில் இறங்கிவிடும் என்று சாந்தா அக்கா சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மோட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ போன பிறகு அந்தப் பட்டையை நானும் அழுத்திப் பார்த்தேன். மெல்லிசுதான். அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கிறதே, அவளிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான்.

அடுத்த வாரம் நீ கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு விமானம் ஏறுகிறாய். மலை ஏறுபவர்களை அழைத்துப் போகும் வேலைக்குப் பயிற்சி. அந்த இடத்தை உனக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். கூலிம் ஹைடெக் பூங்காவில் கிடைத்த டெக்னீஷியன் வேலையை நீ விட்டதை நம் சொந்தக்காரர்கள் இன்னும் என்னிடம் துக்கம் விசாரிப்பது போல விசாரிக்கிறார்கள். இந்தக் கடிதத்தை நீ முதன்முதலில் மலைக்குப் போன காலத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருந்தால் ‘போகாதே’ என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும், அதனால் தாமதமானதும் நல்லதுதான். வாட்சாப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். ஆகவே நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். யாராவது ஓர் அத்தை உனக்குப் போன் போட்டு, உங்கம்மா எழுதியதைப் படித்தாயா என்று கேட்கட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. நீ ஏறுகிற மலையின் மேல் கொஞ்சம், உன் கால்கள் மேல் கொஞ்சம், மீதி முழுவதும் சாந்தாவின் மேல். அம்மாக்கள் இதைக் கவலை என்று பெயர் மாற்றிச் சொல்லுவார்கள். நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் சொல்லிவந்தேன். கவலை எனக்கு உண்டு, அது யாருக்கும் குறைச்சல் இல்லாத அளவுக்கு உண்டு. தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை வைத்து, தலைமுடியில் பாதி அகலத்துக்கு விரிசல் இருந்தாலும் அந்தச் சிப்பைத் தள்ளி வைக்கிற வேலை செய்பவள் நான். வீட்டுக்கு வந்ததும் அதே கண்ணோடுதான் உன்னைப் பார்ப்பேன். முழங்காலில் புதுக் கீறல் ஏதாவது இருக்கிறதா, நடையில் ஏதாவது சாய்வு இருக்கிறதா என்று. ஆனால் கவலை வேறு, இது வேறு. கவலை என்றால் நீ வீடு திரும்பியதும் அடங்க வேண்டும். எனக்கு நீ திரும்பி வந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, “சாந்தா அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா” என்று ஆரம்பிக்கும்போதுதான் எரிய ஆரம்பிக்கும்.

முதலில் அந்த ‘அக்கா’வைப் பற்றிப் பேசுவோம். சாந்தாவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே அறை. அவள் பெண்டாங்கில் நெல்வயலுக்கு நடுவே வளர்ந்தவள். வீட்டு வாசலில் நின்றால் நாலு பக்கமும் தட்டையாகத்தான் தெரியும், அதனால்தான் எனக்கு மேட்டைக் கண்டால் கால் ஊறுகிறது என்பாள். நான் தோட்டத்துப் பெண். கண்ணைத் திறந்தாலே மலை, அதனால் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. எங்களுக்கு ஒரே வயது. இன்னும் சரியாகச் சொன்னால் நான்தான் இரண்டு மாதம் மூத்தவள். படிப்பு முடிவதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இப்போது நான் உனக்கு அம்மா, அவள் உனக்கு அக்கா. ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை மட்டும் நீ ஒரு தலைமுறை கீழே இறக்கி இளமையாக்கிவிட்டாய். மலை ஏறுபவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீ சமாதானம் சொன்னாய். அந்தச் சமாதானம் கண்ணாடி முன்னால் நிற்கும்போது உதவுவதில்லை.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் கடைசி செமஸ்டர் நடந்துகொண்டிருந்தபோது, கல்யாணம் ஆகி இரண்டு மாதம் கூட ஆகவில்லை, சாந்தா என்னை ஜெராய் மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தார் ரோட்டில் காடியில் உட்கார்ந்தே போகலாம் என்றேன். அவள் கேட்கவில்லை, காட்டுப் பாதையிலேயே ஏற்றினாள். பாதி வழியில் எனக்கு வாந்தி. காலையில் பசியாறிய தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் என் முதுகைத் தடவினாள். ஒரு பாறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஏறியே தீருவேன் என்று நான் அடம் பிடித்து ஏறினேன். மேலே நின்றபோது ஒரு பக்கம் நெல்வயல் எல்லாம் பாய் விரித்த மாதிரி, மறுபக்கம் கடல். அடுத்த வாரம்தான் டாக்டர் சொன்னார், அது நாசி லெமாக் இல்லை, நீ என்று. ஆகவே உன்னை முதன்முதலில் மலை ஏற்றியது நான். சாந்தா அங்கே என் கைப்பையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். இதை நீ அவளிடம் சொல்லலாம். நானே ஒரு முறை சொல்லிவிட்டேன் என்றாலும் இன்னொரு முறை சொல்லலாம்.

பிறகு இருபது வருடம் நான் மலைப்பக்கம் போகவில்லை. நீ பிறந்தாய், சிடாம் கிரியில் வீடு எடுத்தோம், நான் ஷிப்டுக்கும் உன் பள்ளிக்கூட வேனுக்கும் நடுவே ஓடினேன். உன்னைச் சாந்தாவிடம் சேர்த்துவிட்டது யார் என்று நினைத்தால் இன்னும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தோம். காட்டிலாகாவில் பதிவு செய்த வழிகாட்டி ஆகிவிட்டாள், கறுத்து, மெலிந்து, கயிறு மாதிரி இருந்தாள். என் பையன் எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு நாள் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயேன் என்று நானேதான் சொன்னேன். ஒரு நாள் என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு மறக்காதது உன் கால்நகம். பத்து வருடம் நான் கத்தியிருப்பேன், நகத்தை வெட்டுடா, காலுறை ஓட்டை ஆகிறது என்று. ஒரு சனிக்கிழமை நீ வாசலில் உட்கார்ந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பத்து விரலையும் ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாய். இறங்கும்போது நகம் பூட்ஸில் இடித்துக் கறுத்துவிடும், ஏறுவதற்கு முன்னால் சாந்தா அக்கா எல்லாருடைய காலையும் பார்ப்பார்கள் என்றாய். நான் உள்ளே போய் மீன் வெட்ட ஆரம்பித்தேன். அன்று மீனுக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. பிறந்த மூன்றாம் வாரம் உன் கால்விரலில் இருந்த, காகிதம் மாதிரியான நகத்தை என் பல்லாலேயே கடித்து எடுத்தவள் நான். இப்போது அந்தக் காலைப் பார்த்து, சரி, போகலாம் என்று சொல்ல வேறொருத்தி இருக்கிறாள்.

இடி இடித்தால் நீ பயப்படுவாய் என்பது நம் வீட்டு ரகசியம். ஒரு மலையில் புயல் பிடித்து, கூடாரத்துக்குள் நீ அழுதாய் என்று சாந்தாதான் என்னிடம் சொன்னாள், அதுவும் பெருமையாக. அழுதுவிட்டு எழுந்து எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தான் என்றாள். நீ அழுததை இன்னொரு பெண் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது.

சரி, இனி ஒத்தக்கொம்புக்கு வருகிறேன். வரைபடத்தில் அந்தச் சிகரத்துக்கு வேறு மலாய்ப் பெயர் இருக்கிறது. ஆனால் நாங்கள் பிறந்த தோட்டத்தில் எல்லாரும் ஒத்தக்கொம்பு என்றுதான் சொல்வோம், ஒரு கொம்பு முறிந்த மாடு படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நம் கெடா மாநிலத்துக்கும் பேராவுக்கும் நடுவே, மற்ற மலைகளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது. பேரா பக்கமிருந்து போனால் நாள்கணக்கில் நடக்க வேண்டும், ஆறு ஐந்தாறு தடவை குறுக்கே வரும். நம் பக்கமிருந்து தோட்டத்து மூன்றாவது டிவிஷன் வழியாகப் போனால் நேர்வழி, ஒரு ராத்திரி தங்கி மறுநாள் இறங்கிவிடலாம். ஆனால் தோட்டம் கைமாறி, ரப்பர்ப் பால்மரம் எல்லாம் எண்ணெய்ச் செம்பனை ஆகி, வாசலில் குறுக்கே ஏற்றி இறக்கும் இரும்புப் பாலாங் போட்டு, காவலுக்கு ஜாகா வைத்துவிட்டார்கள். காட்டிலாகாவின் பெர்மிட் காட்டுக்குத்தான் செல்லும், அந்தக் காடு வரைக்கும் போகிற தோட்டத்து ரோட்டுக்குச் செல்லாது.

போன வருடம் நீ அதைக் கேட்கவில்லை. நீயும் லோகுவும் பாலாங்கைச் சுற்றிக்கொண்டு செம்பனை வரிசைக்குள் புகுந்தீர்கள். லோகு யார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: என் சித்தப்பா மகன் குணா அண்ணனின் பையன். பாராங் கத்தியும் பெரிய பையுமாக இரண்டு பையன்களைப் பார்த்த ஜாகா, பழம் திருட வந்தவர்கள் என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார். ஷிப்டில் இருந்த என்னை அழைத்தார்கள். தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தேன். தோட்டத்து ஆபீசில் எங்களைத் தெரிந்த, கணக்கு எழுதும் பழைய கிராணிகூட இல்லை, என்னை விட இளைய ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் நானும் என் அப்பாவும் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாக மலாயில் விளக்கி உன்னை மீட்டேன். காடியில் ஏறியதும் நீ சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா? சாந்தா அக்காவைக் கேட்டிருந்தால் இப்படி நடந்திருக்காது. சிவப்பு விளக்கில் காடியை நிறுத்தி உன்னை இறக்கிவிடலாமா என்று யோசித்தேன். விளக்கு பச்சையாகிவிட்டது.

அந்த ரோட்டுக்கு ஒரு வழி உண்டு என்று உனக்குச் சொன்னது குணா அண்ணன். வருடத்தில் ஒரு சனி, ஞாயிறு மூன்றாவது டிவிஷன் முனீஸ்வரனுக்குப் பூஜை. தோட்டம் யார் கைக்குப் போனாலும் அந்த இரண்டு நாள் பாலாங்கைத் தூக்கி வைப்பது என்று பழைய பேச்சு. அங்கே பிறந்த வீட்டு ஆட்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். முனீஸ்வரன் இருப்பது தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடம், ஓர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம். ரோத்தான் பிரம்பு வெட்டவும் மீன் பிடிக்கவும் ஆண்கள் காட்டுக்குள் போன காலத்திலிருந்து அங்கே ஒரு முறை இருக்கிறது. பூஜை நேரத்தில் கல்லைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரையும் அவர் வீட்டு ஆள் ஒருவர் பெயர் சொல்லிச் சாமியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர், போனவர் திரும்பும் வரைக்கும் பாலாங்குக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. திரும்பி வந்தவர் கல்லுக்கு அந்தப் பக்கமே நிற்பார். ஒப்படைத்த அதே குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வரலாம்.

நீ என்னிடம் வந்து கேட்டாய். அம்மா, நீங்கள் வந்தால்தான் எனக்கு வழி திறக்கும் என்றாய். எவ்வளவு நாளாக இந்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன். உடனே அடுத்த வார்த்தையில் கெடுத்தாய்: சாந்தா அக்கா இரண்டு வருடமாக இந்த மலைக்காகக் காத்திருக்கிறார்கள். ஆக, நான் கதவு. கதவைத் திறந்துவிட்டால் நீ அவளோடு உள்ளே போவாய், நான் அங்கேயே மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படித்தான் எனக்குக் கேட்டது. ஆனாலும் லீவு எழுதிக் கொடுத்தேன்.

பூஜைச் சனிக்கிழமை காலை குணா அண்ணன் மஞ்சள் வேட்டி கட்டி, உடம்பெல்லாம் விபூதியோடு நின்றார். மற்ற நாள்களில் லாரி ஓட்டுபவர், பூஜைக்கு மட்டும் பூசாரி. சுருட்டைப் பற்றவைத்துச் சாமி முன் வைத்துவிட்டு, தன் மகன் லோகுவை முதலில் ஒப்படைத்தார். அடுத்தது நீ. நான் உன் தோளில் கை வைத்து, சாமியைப் பார்த்துச் சொன்னேன்.

“இது என் மகன் தினேஷ். உங்கிட்ட குடுக்கிறேன். திருப்பிக் குடு.”

அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது என் குரல் உனக்கு எப்படிக் கேட்டது என்று நீ இதுவரை சொல்லவில்லை. நான் கேட்கப் போவதும் இல்லை.

அப்புறம் குணா அண்ணன் சாந்தாவைப் பார்த்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். “இந்தம்மாவுக்கு யாரு?” என்றார். அவளுடைய அப்பாவும் அம்மாவும் நாங்கள் படிக்கிற காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒரே தம்பி சிங்கப்பூரில். தோட்டத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழிகாட்டி இல்லாமல் பெர்மிட் செல்லாது, ஆகவே அவள் போகாவிட்டால் நீயும் போக முடியாது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒத்தக்கொம்பும் போய்விடும், அவளோடு நீ போகும் ஒரு ராத்திரியும் போய்விடும், பழி முறையின் மேல் விழும். தம்பி, நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நன்றாகவே நின்றேன். நிம்மதியாகக்கூட இருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாய். அதுவும் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

சாந்தா இடுப்புப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். கோபமோ வருத்தமோ இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவள் தினமும் செய்கிற வேலையைச் செய்வது போல, கொக்கியைப் பார்க்காமலேயே கழற்றினாள். எனக்கு அது எரிச்சலாக வந்தது. பாலிடெக்னிக் காலத்திலும் இப்படித்தான், பெற்றோர் தினம் என்றால் தானாகவே அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள், யாரும் சொல்வதற்கு முன்னால். அந்த எரிச்சலில்தான் வாயைத் திறந்தேன், அன்பில் என்று நினைத்துவிடாதே.

“எங்க அக்கா. பேரு சாந்தா. இவளையும் குடுக்கிறேன், திருப்பிக் குடு.”

குணா அண்ணன் சுருட்டுப் புகைக்கு நடுவே என்னை உற்றுப் பார்த்தார். “உனக்கு ஏது அக்கா? எங்க பெரியப்பாவுக்கு நீ ஒரே புள்ளதான?”

“இன்னிக்கு வந்துட்டா.”

“முனி கேட்டுக்கிட்டு இருக்காரு லா, பாத்துப் பேசு.”

“கேக்கட்டும். அதுக்குத்தான சத்தமா சொல்றேன்.”

பந்தலில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நீயும் சிரித்தாய். சாந்தா மட்டும் சிரிக்கவில்லை, கொக்கியைத் திரும்ப மாட்டினாள், இந்த முறை குனிந்து பார்த்து மாட்டினாள். மூன்று பேரும் கல்லைத் தாண்டிப் போனீர்கள். பெயரை மட்டும் சொல்லியிருக்கலாம், அக்கா என்று ஏன் சொன்னேன் என்று பிறகு யோசித்தேன். ஒரு பழி தீர்த்தல்தான். நீ அவளை என்னை விட இளையவள் ஆக்கினாய், நான் ஊருக்கு முன்னால் அவளை மூத்தவள் ஆக்கிவிட்டேன்.

இரண்டு நாள் நான் அந்தப் பாலாங்குக்கு உள்ளேயே கிடந்தேன். பந்தலில் பாய், பெரிய சட்டியில் ஆட்டுக்கறி, பேச்சுக்குக் குறைவில்லை. ஞாயிறு மதியம் உங்கப்பா வந்தார். வேலை முடிந்து வந்தவர், உள்ளே வராமல் பாலாங்குக்கு அந்தப் பக்கம் மோட்டோவை நிறுத்தி என் போனுக்கு சார்ஜரும் வடையும் நீட்டினார். ஜெயிலில் இருப்பவளுக்குச் சோறு கொண்டுவந்த மாதிரி இருக்கிறது என்றார். மேகம் மலைமேல் இறங்கிவிட்டது, பாருங்கள் என்றேன். அவர் மலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “அவன் மலைக்குத்தான் லா போயிருக்கான். பொண்டாட்டி வீட்டுக்குப் போனாப்புல மூஞ்ச வெச்சிருக்க” என்றார். அன்று மாலை இருட்டுவதற்குள் பாலாங்கை இறக்கிவிடுவார்கள். நீங்கள் அதற்குள் வராவிட்டால் நான் உள்ளே, அவர் வெளியே, அடுத்த நாள் ஆபீசில் பேசி எழுதி வாங்கினால்தான் வெளியே வர முடியும். அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

பந்தல் பிரிக்க ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் மழை இறங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. மழை எங்கள் பக்கம் வந்து கொட்டிக்கொண்டிருந்தபோது, கல்லுக்கு அந்தப் பக்கம் மூன்று சேற்று உருவங்கள் வந்து நின்றன. முறை தெரிந்தவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். குணா அண்ணன் லோகுவைக் கூப்பிட்டார். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ தாண்டி வந்து என் மேல் ஈரத்தோடு சாய்ந்தாய், நான் உன் முழங்கால், கணுக்கால், கை என்று என் வேலையை ஆரம்பித்துவிட்டேன். லோகு என் சேலையை இழுத்த பிறகுதான் நினைவு வந்தது. மழையில் சாந்தா இன்னும் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.

“சாந்தா அக்கா” என்று கூப்பிட்டேன்.

அவள் தாண்டி வந்து என் காதருகே நின்றாள். “யாருடி உனக்கு அக்கா? நீ என்னை விட ரெண்டு மாசம் பெரியவ.”

மேலே போய்விட்டீர்களா என்று உன்னைக் கேட்டேன். இல்லை, மழை பிடித்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று லேசாகச் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டாய். குழாயடியில் சாந்தா பூட்ஸைக் கழற்றி அட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது உப்பு எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் சொன்னாள், தலையைத் தூக்காமல்.

“மழ பின்னாலதான் வந்துச்சு. அவன் பொய் சொல்றான். காலையில உச்சி கண்ணுக்குத் தெரியுது, வானம் வெளுத்துப் போய்க் கெடக்கு. போயிட்டு வந்தா பாலாங் மூடிருவாங்க, அம்மா உள்ளயே ராத்திரி பூரா உக்காந்திருப்பாங்க, திரும்பிரலாம்னான். ஒரு ராத்திரி உக்காந்தா உங்கம்மா தேஞ்சிடமாட்டான்னு சொன்னேன். கேக்கல.”

நான் உப்பைப் போட்டேன். ஓர் அட்டை சுருண்டு விழுந்தது.

“எத்தனையோ வருஷமா ஏறுறேன்” என்றாள். “நான் மேல இருக்கேன்னு கீழ யாரும் நின்னதில்ல. நின்னிருந்தா நானும் பாதியில திரும்பியிருப்பேனோ என்னமோ. பொறாமையா இருக்குடி உம்மேல.”

தம்பி, எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு வருடமாக நான் தோற்றுக்கொண்டிருந்த விளையாட்டில், மலையையும் அவளையும் சேர்த்து ஒரே நாளில் ஜெயித்துவிட்டேன். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் என் பிள்ளை எனக்காகத் திரும்பிவிட்டான். வீட்டுக்கு வரும்போது காடியின் பின்சீட்டில் நீ ஜன்னலில் தலை வைத்து ஒத்தக்கொம்பு இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். மழையில் அது தெரியவே இல்லை, இருந்தாலும் பார்த்தாய். நான் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். சிப்பில் தேடுகிற விரிசலை விடச் சின்னதாக ஒன்று உன் முகத்தில் இருந்தது, அதைப் போட்டது நான். ஜெயித்தது அப்புறம் எனக்கு ருசிக்கவில்லை.

மழை வந்ததும், நீங்கள் கடந்த ஆறு கொஞ்ச நேரத்தில் பெருகியதும் உண்மை. போயிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று குணா அண்ணன் சொல்கிறார், முனீஸ்வரன்தான் திருப்பினார் என்கிறார். இருக்கட்டும். ஆனால் நீ திரும்பியபோது வானம் வெளுத்திருந்தது. உன் முடிவு சரியாகப் போனது, காரணம் சரியில்லை. நாளைக்குச் சபாவில் உன் பின்னால் பத்துப் பேர் வருவார்கள். அவர்களைத் திருப்பும்போது உன் மனதில் நான் பாயில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆறு நிறம் மாறினால் திரும்பு. காற்று வாடை மாறினால் திரும்பு. கூட வருபவன் கால் இழுத்தால் திரும்பு. எனக்காகத் திரும்பாதே. நான் உட்கார்ந்திருப்பேன், தேய மாட்டேன், சாந்தா சொன்னது சரி. பார், அவள் மறுபடியும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. அங்கேயும் மலைக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு கல்லும் ஒரு முறையும் இருக்கும். பெர்மிட் கையில் இருக்கிறது என்று நேராக ஏறிவிடாதே. யாரிடம் கேட்க வேண்டும் என்பதை முதலில் கேள். பழத் திருடன் என்று பிடித்தால் சபாவுக்குச் சீருடையோடு ஓடி வர எனக்கு விமானம் வேண்டும்.

நீலப் பையை நான் கடையில் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அடுத்த வருடப் பூஜைக்கு எனக்கு அது வேண்டும், பாயும் போர்வையும் வைக்க. இடுப்புப் பட்டை மெல்லிசாக இருந்தால் என்ன, நான் பாலாங்கிலிருந்து பந்தல் வரைக்கும்தான் நடப்பேன். லீவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். நீ சபாவிலிருந்து வர முடிந்தால் வா, ஒப்படைக்கிறேன். முடியாவிட்டாலும் நான் போவேன். சாந்தா ஏறப் போகிறாள், நீ விட்டு வந்த அந்த உச்சிக்கு. அவளை ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும், திரும்பி வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது கூப்பிட ஒரு குரல் வேண்டும். இந்த முறை மழையில் நிற்க வைக்க மாட்டேன். அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

அந்தச் செய்தி சபாவில் உன் காதில் விழும்போது, வயிற்றுக்குள் எங்கேயோ லேசாக எரிந்தால் பயப்படாதே, தம்பி. அது என் பக்கத்திலிருந்து உனக்கு வந்தது.

அம்மா